விற்பதா, வைத்துக் கொள்வதா?

ரூ.4 லட்சம் பெறும் இசைப் பெட்டி! இடம் இல்லாமல் தவிக்கும் குடும்பம்!

இரவு 10 மணி.

சாப்பாட்டு மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு பெண் கணக்குப் போட்டுக் கொண்டு இருக்கிறாள். பத்தாம் வகுப்பு. இன்னும் சில மாதங்களில் பொதுத் தேர்வு. அப்பா சாப்பிட வந்தால் அவள் புத்தகத்தைத் தூக்கிக் கொண்டு எழுந்திருக்க வேண்டும்.

வீட்டில் வேறு அறை இல்லையா? இருக்கிறது. ஆனால், அந்த அறை நிறைய இசைக் கருவிகள்!

சென்னை சாலிக்கிராமத்தில் இப்படி ஒரு வீடு இருப்பதாக வைத்துக் கொள்வோம். குடும்பத் தலைவர் கீபோர்டு வாசிப்பவர். பக்திப் பாட்டு, விளம்பரப் பாட்டு, கல்யாண வீடியோவுக்குப் பின்னணி இசை - எது வந்தாலும் வீட்டிலேயே பதிவு செய்து கொடுத்து விடுவார்.

அறை 10 அடிக்கு 10 அடி. ஒரு கம்ப்யூட்டர். இரண்டு ஒலிபெருக்கி. மூன்று கீபோர்டு. அலமாரி மேல் நான்கு சின்னப் பெட்டிகள். தரை எல்லாம் ஒயர். காலை வைத்தால் தடுக்கும்.

இத்தனைக்கும் நடுவில், ராஜா மாதிரி ஒரு பெட்டி உட்கார்ந்து இருக்கிறது. மரச் சட்டம். வரிசை வரிசையாகக் குமிழ்கள். முன்னால் 44 கட்டைகள். அதன் பெயர் மினி மோக். புதிதாக வாங்கினால் 4 லட்சம் ரூபாய்க்கு மேல்!

"என்னங்க, இதை விற்று விட்டால் என்ன?" என்று மனைவி கேட்டாள்.

அவர் பதில் சொல்லவில்லை.

அவருக்கும் அந்த எண்ணம் இல்லாமல் இல்லை. பெட்டியை விற்றால் மேஜை காலி ஆகும். மேஜை காலி ஆனால் அறையில் பாதி மகளுக்குக் கிடைக்கும். கையில் பணமும் வரும். ஆனால், விற்று விட்டுப் பிறகு வருத்தப்பட்டால்? திரும்ப வாங்க முடியுமா?

இந்தக் கேள்வி அந்த ஒரு வீட்டுக் கேள்வி அல்ல. அமெரிக்காவிலும், ஜப்பானிலும் வீட்டு அறையில் இசை பதிவு செய்கிறவர்களை இது ஆட்டிப் படைக்கிறது. விற்றவர்களுக்கும் கதை உண்டு. விற்காதவர்களுக்கும் கதை உண்டு.

அது என்ன பெட்டி?

வீணைக்குத் தந்தி வேண்டும். நாதசுரத்துக்குக் காற்று வேண்டும். தவிலுக்குத் தோல் வேண்டும். சிந்தசைசருக்கு இவை எதுவும் வேண்டாம். மின்சாரம் போதும்!

பெட்டிக்கு உள்ளே மின்சார அலையை எழுப்பும் கருவிகள் இருக்கின்றன. மினி மோக்கில் இவை மூன்று. மின் அழுத்தம் கூடினால் சுருதி ஏறும். ஒரு வோல்ட் கூடினால் சரியாக ஒரு ஸ்தாயி ஏறும்.

அடுத்தது வடிகட்டி. "உ" என்று சொல்லிக் கொண்டே மெதுவாக வாயைத் திறந்து பாருங்கள். "ஆ" வரும். குரல் ஒன்றுதான். வாய் திறப்பதால் ஒலி மாறுகிறது அல்லவா? அந்தப் பெட்டியில் ஒரு குமிழைத் திருகினால் இதே வேலை நடக்கும். மோக் பெட்டியின் புகழுக்குப் பெரிய காரணம் இந்த வடிகட்டிதான்.

இடது கைப் பக்கம் ஒரு சிறு சக்கரம். அதை உருட்டினால் சுரம் வழுக்கிக் கொண்டு போகும். ஆர்மோனியத்தில் வராத கமகம் இதில் வரும். நம் ஊர்க்காரருக்கு இதன் மேல் ஆசை வந்ததில் வியப்பு இல்லை.

இதைக் கொடுத்தவர் ராபர்ட் மோக். அமெரிக்கர். 1934-ல் பிறந்தவர். 1964-ல் அவர் செய்த முதல் சிந்தசைசர்கள் சுவரை அடைக்கும் அளவுக்குப் பெரியவை. டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் போல ஒயரைச் சொருகிச் சொருகி வாசிக்க வேண்டும். வீட்டில் வைக்க முடியுமா? தூக்கிக் கொண்டு கச்சேரிக்குத்தான் போக முடியுமா?

அவரிடம் வேலை பார்த்த பில் ஹெம்சாத் என்ற பொறியாளர், சாப்பாட்டு நேரத்தில், கம்பெனியில் கழித்துப் போட்ட பழைய சாமான்களைக் கொண்டு ஒரு சிறிய பெட்டியைச் செய்து பார்த்தார். அது நடந்தது 1969-ல். அதில் இருந்து பிறந்ததுதான் மினி மோக். 1970-ல் வெளியே வந்தது. விலை சுமார் 1,500 டாலர். 1981 வரையில் 12 ஆயிரத்துக்கு மேல் செய்தார்கள்.

வேடிக்கையைப் பாருங்கள். பெரிய கருவியைச் சுருக்கி, எளிமை ஆக்கிப் பிறந்த பெட்டி இது. இன்று "எளிமை வேண்டும், இதை வெளியே அனுப்பு" என்கிறார்கள்!

"கெட்டுப் போன" பெட்டி!

மினி மோக்கில் ஒரு பெரிய குறை உண்டு. ஒரே நேரத்தில் ஒரே ஒரு சுரம்தான் ஒலிக்கும். பத்து விரலையும் வைத்து அழுத்தினாலும் ஒன்றுதான் பேசும்.

இதனால் ஒருவர் பெட்டியையே விற்று விட்டார்!

அவர் ஜாக் வைல்ட். இங்கிலாந்து நடிகர். 1968-ல் வந்த "ஆலிவர்" படத்தில் நடித்துப் புகழ் பெற்ற சிறுவன். அவர் ஒரு மினி மோக் வாங்கினார். இரண்டு கட்டையைச் சேர்த்து அழுத்தினார். ஒரு சுரம்தான் வந்தது. பெட்டி கெட்டுப் போய் விட்டது என்று நினைத்தார்.

அதைப் பாதி விலைக்கு வாங்கிக் கொண்டவர் ரிக் வேக்மேன். "எஸ்" என்ற இசைக் குழுவில் கீபோர்டு வாசித்துப் பெயர் வாங்கியவர். இந்தக் கதையை வேக்மேனே பல முறை சிரிக்கச் சிரிக்கச் சொல்லி இருக்கிறார்.

ஜாக் வைல்ட் செய்தது முட்டாள்தனமா? அப்படிச் சொல்வதற்கு இல்லை. வைத்துக் கொண்டு இருந்தாலும் அவருக்கு அதனால் பயன் இருந்து இருக்காது. பெட்டி, அதை வாசிக்கத் தெரிந்தவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. பாதி விலைக்குக் கொடுத்ததுதான் நஷ்டம்!

1983-ல் அடித்த அலை

1983-ல் ஜப்பானின் யமஹா கம்பெனி ஒரு புதுக் கருவியைக் கொண்டு வந்தது. பெயர் டி.எக்ஸ்.7. விலை 1,995 டாலர். ஒரே நேரத்தில் 16 சுரம் ஒலிக்கும். 32 விதமான ஒலிகளை நினைவில் வைத்து இருக்கும். ஒரு பொத்தானைத் தட்டினால் மணி ஓசை. இன்னொன்றைத் தட்டினால் பியானோ.

மினி மோக்குக்கு நினைவு சக்தி கிடையாது. நேற்று வாசித்த ஒலி இன்று வேண்டும் என்றால் எல்லாக் குமிழ்களையும் பழையபடி திருப்பி வைக்க வேண்டும். அதற்காகக் கலைஞர்கள் காகிதத்தில் குமிழ்களின் படம் போட்டு, எது எவ்வளவு திரும்பி இருந்தது என்று குறித்து வைப்பார்கள். கொஞ்ச நேரம் சூடு ஏறாவிட்டால் பழைய பெட்டிகளில் சுருதி நிற்காது.

பிறகு கேட்க வேண்டுமா? டி.எக்ஸ்.7 இரண்டு லட்சத்துக்கு மேல் விற்றது. "பழைய பெட்டி எதற்கு?" என்று மினி மோக்கைத் தள்ளி விட்டார்கள். சில நூறு டாலருக்குக் கை மாறியது.

அதே ஆண்டுகளில் ஜப்பானின் ரோலண்டு கம்பெனியும் ஒரு சின்னப் பெட்டியை விற்றுக் கொண்டு இருந்தது. பெயர் டி.பி.303. தனியாகப் பயிற்சி செய்கிற கித்தார்காரருக்கு, பக்கத்தில் ஒருவர் கனத்த ஒலியில் துணை வாசிப்பது போல இருக்க வேண்டும் என்று செய்தது. கேட்டால் அப்படி இல்லை! வாங்கியவர்கள் ஏமாந்தார்கள். சுமார் 10 ஆயிரம் செய்ததோடு 1984-ல் கம்பெனி நிறுத்தி விட்டது. பழைய சாமான் கடைகளில் தூசி படிந்து கிடந்தது.

சிக்காகோ நகரத்து இளைஞர்கள் சிலர் அதைச் சொற்ப விலைக்கு வாங்கினார்கள். குமிழ்களைக் கண்டபடி திருகினார்கள். கித்தார்காரருக்கு உதவாத அந்தக் கீச்சுக் குரல் நடனக் கூடத்தில் பிய்த்துக் கொண்டு போனது. புது வகை நடன இசையே பிறந்தது. அதன் பிறகு டி.பி.303-ன் விலை எங்கேயோ போய் விட்டது. மினி மோக்கும் அப்படியே. கழித்துக் கட்டியவர்களே தேடி அலைந்தார்கள்.

"விற்காதே, விற்றால் அழுவாய்" என்று இசைக் கலைஞர்கள் ஒருவருக்கு ஒருவர் சொல்வதற்கு இதுதான் காரணம்.

ஆனால், இதில் ஒரு விஷயத்தை மறந்து விடுகிறார்கள். சிக்காகோ இளைஞர்களின் பெட்டிக்கு மதிப்பு வந்தது, அவர்கள் அதை வாசித்ததால். அலமாரியில் பூட்டி வைத்ததால் அல்ல.

பம்பாயில் ஒரு இசைத் தட்டு

நம் நாட்டிலேயே இதற்கு ஒரு சாட்சி உண்டு. சரண்ஜித் சிங். பம்பாய் சினிமா இசைக் குழுக்களில் வாசித்தவர். சிங்கப்பூரில் இருந்து ரோலண்டு கருவிகளை வாங்கி வந்தார். அவற்றில் ஒன்றான ஜூபிடர்-8, அந்தக் காலத்திலேயே சுமார் 5 ஆயிரம் டாலர் விலை போனது.

வாங்கியவர் சும்மா இருக்கவில்லை. பைரவ், யமன், மால்கௌன்ஸ் என்று பத்து ராகங்களை எடுத்து, நடனத் தாளத்தோடு சேர்த்து வாசித்தார். 1982-ல் இசைத் தட்டு வெளிவந்தது. யாரும் சீண்டவில்லை!

பல ஆண்டுகள் கழித்து ஒரு டச்சுக்காரர் அந்தத் தட்டைக் கண்டுபிடித்தார். 2010-ல் மீண்டும் வெளியிட்டார். கேட்டவர்கள் திகைத்துப் போனார்கள். சிக்காகோவில் பின்னால் வந்த இசையின் சாயல் அதில் இருந்தது. 70 வயதில் சரண்ஜித் சிங்குக்கு வெளிநாட்டில் கச்சேரி கிடைத்தது. 2015-ல் அவர் காலமானார்.

அவர் கொடுத்த விலை வீண் இல்லை. பத்து ராகம் மிஞ்சியது.

பெயரையே விற்றவர்!

மோக்கின் கதை இன்னும் பரிதாபமானது. 1971-ல் பணமுடை. கம்பெனியை விற்க வேண்டியது ஆயிற்று. அதோடு "மோக்" என்ற பெயரும் போனது. 1977-ல் கம்பெனியை விட்டே வெளியேறினார். வட கரோலினாவுக்குக் குடி போய், வேறு ஒரு பெயரில் சிறு பட்டறை நடத்தினார். தன் சொந்தப் பெயரை, தான் செய்த கருவியின் மேல் போட அவருக்கு உரிமை இல்லை!

2002-ல்தான் அந்தப் பெயர் அவருக்குத் திரும்பக் கிடைத்தது. மூன்று ஆண்டுகள்தான் அந்த மகிழ்ச்சி. 2005-ல் மோக் காலமானார்.

அவருடைய கம்பெனி 2016-லும், பிறகு 2022-லும் மினி மோக்கை மீண்டும் செய்து விற்றது. 2022-ல் அதன் விலை 4,999 டாலர். நம் சாலிக்கிராமத்துக்காரர் தவணை கட்டி வாங்கியது அதைத்தான்.

மோக் என்று அந்தப் பெட்டிக்குப் பெயர். மோகம் என்று சொன்னாலும் தவறு இல்லை.

விற்க மறுத்த தாய்

கருவியை விற்பதா, வேண்டாமா என்ற கேள்வி சென்னையில் ஒரு வீட்டில் உண்மையாகவே எழுந்தது. 1976-ம் ஆண்டு. அந்த வீட்டுத் தலைவர் ஆர்.கே.சேகர். மலையாளப் படங்களுக்கு இசை அமைத்தவர். நோயில் படுத்து அந்த ஆண்டு காலமாகி விட்டார். மனைவியும் குழந்தைகளும் நிராதரவாக நின்றார்கள். மகன் திலீப்புக்கு வயது 9.

வீட்டில் இருந்த சொத்து, சேகர் சேர்த்து வைத்த இசைக் கருவிகள்தான். "இவற்றை விற்று விடுங்கள். பணத்தைப் போட்டு வட்டியில் சாப்பிடலாம்" என்று தெரிந்தவர்கள் யோசனை சொன்னார்கள்.

தாய் மறுத்து விட்டார். மகன் இருக்கிறான், அவன் பார்த்துக் கொள்வான் என்று சொல்லி விட்டார்.

அந்தத் தாய்தான் பின்னாளில் கரீமா பேகம் என்று அறியப்பட்டவர். மகன் திலீப்தான் ஏ.ஆர்.ரகுமான்!

1989-ல் ரகுமான் வீட்டை ஒட்டியே ஒலிப்பதிவுக் கூடம் கட்டினார். பஞ்சதன் என்று பெயர். அறை கட்டியாகி விட்டது. உள்ளே வைக்கக் கருவி வாங்கப் பணம் இல்லை. தாய் தன் நகைகளைக் கொடுத்தார். ஒலிப்பதிவுக் கருவி வந்தது. மூன்று ஆண்டுகளில் "ரோஜா" வந்தது. 2009-ல் இரண்டு ஆஸ்கார் பரிசுகள் வந்தன.

இதைப் படித்து விட்டு, "பார்த்தாயா, விற்கவே கூடாது!" என்று நம் கலைஞர் மனைவியிடம் பாய வேண்டாம். கரீமா பேகம் கருவிகளைத் துணி போட்டு மூடி வைக்கவில்லை. வாடகைக்கு விட்டார்! மற்ற இசைக் குழுவினர் எடுத்துப் போய் வாசித்தார்கள். அந்த வாடகையில் வீட்டில் அடுப்பு எரிந்தது. விற்று வரும் வட்டியை விட, விற்காமல் வரும் வாடகையும், மகன் கை பழகுவதும் மேல் என்று அந்த அம்மாள் கணக்குப் போட்டார். பாசம் இருந்தது. கணக்கும் இருந்தது.

மேலும், நகை என்ற சொத்தைக் கொடுக்க அவர் தயங்கவே இல்லை. வேலை செய்யாத பொருள் போய், வேலை செய்யும் பொருள் வீட்டுக்கு வந்தது.

போனில் கிடைக்கும் குரல்

இப்போது சாலிக்கிராமத்துக்குத் திரும்புவோம்.

நம் கலைஞரின் மனதைக் குழப்பும் விஷயம் இன்னொன்று உண்டு. மினி மோக்கின் குரல் இப்போது கம்ப்யூட்டரிலேயே கிடைக்கிறது. மோக் கம்பெனியே 2018-ல் அதை ஐபோனுக்கும், ஐபேடுக்கும் செயலியாக வெளியிட்டது. 2020 மார்ச்சில், கொரோனாவால் உலகமே வீட்டுக்குள் முடங்கியபோது, அந்தச் செயலியைக் கொஞ்ச காலம் இலவசமாகவே கொடுத்தார்கள்!

லட்சக் கணக்கில் விலை உள்ள பெட்டியின் குரல் சும்மா கிடைத்தது. இரண்டும் ஒன்றா? கூர்ந்து கேட்டால் வித்தியாசம் தெரியும் என்பார்கள் சிலர். பாட்டோடு கலந்து விட்டால் தெரியாது என்பார்கள் சிலர். இந்தச் சண்டை தீராது.

காதுக்கு வித்தியாசம் தெரியாமல் போகலாம். கைக்குத் தெரியும். திரையில் விரலால் தேய்ப்பது வேறு. கனமான குமிழைப் பிடித்துத் திருகுவது வேறு. அந்தக் குமிழ் கைக்கு அகப்பட்டால் சிலருக்கு மெட்டே வேறு மாதிரி வரும். அப்படிப்பட்டவர் பெட்டியை விற்கக் கூடாது. கடன் பட்டாலும் வைத்துக் கொள்வதே மேல்.

பிரையன் ஈனோ என்ற இங்கிலாந்து இசை மேதை 1999-ல் ஒரு கட்டுரையில் இதைப் பற்றி எழுதினார். கருவியில் வசதிகள் பெருகப் பெருக, கலைஞனுக்கும் கருவிக்கும் உள்ள நெருக்கம் குறைகிறது என்பது அவர் கட்சி. எல்லோரும் தூக்கிப் போட்ட டி.எக்ஸ்.7-ஐ அவர் பல காலம் விடாமல் வாசித்தவர்.

அறுபது நாள் நோட்டு

நாம் கற்பனை செய்த அந்த வீட்டில், முடிவுக்கு வழி சொன்னவள் மனைவிதான்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வந்து கதவில் கட்டித் தொங்க விட்டாள். "எந்தப் பெட்டியைப் போட்டாலும் தேதியோடு எழுதுங்க. அறுபது நாள் கழித்துப் பேசுவோம்" என்றாள்.

அறுபது நாளும் அவர் எழுதினார். நடுவில் இரண்டு முறை, காரணம் இல்லாமலே மினி மோக்கைப் போட்டு நோட்டில் குறிக்கலாமா என்று நினைத்தார். மனசாட்சி இடம் கொடுக்கவில்லை.

நோட்டு என்ன சொன்னது?

கம்ப்யூட்டர் - 51 நாள். பெரிய கீபோர்டு - 46 நாள். மினி மோக் - 4 நாள்.

அந்த நாலில் ஒரு நாள், ஊரில் இருந்து வந்த மைத்துனருக்குக் காட்டுவதற்காகப் போட்டது! இரண்டு நாள் அம்மன் பாட்டுக்குக் கனத்த ஒலி சேர்க்க. ஒரு நாள் மட்டும், ராத்திரி, தனக்காக.

அலமாரி மேல் இருந்த நான்கு சின்னப் பெட்டிகளின் பெயர் நோட்டில் ஒரு இடத்திலும் இல்லை.

அவர் ஒரு கணக்குப் போட்டார். பெட்டியை விற்றால் 3 லட்சம் வரும். ஆண்டுக்கு நூற்றுக்கு 7 வட்டி என்று வைத்துக் கொண்டால் 21 ஆயிரம் ரூபாய். மாதம் 1,750. கரீமா பேகம் வீட்டுக் கருவிகள் வாடகை சம்பாதித்தன. இவர் வீட்டுப் பெட்டியோ, மாதம் 1,750 ரூபாய் வாடகை பாக்கி வைத்துக் கொண்டு குடி இருக்கிறது!

"பூட்டி வைத்தால் என்ன? பின்னால் விலை ஏறாதா?" என்று ஒரு நண்பர் கேட்டார்.

ஏறலாம். ஏறாமலும் போகலாம். 1983-க்குப் பிறகு வாங்கி வைத்தவருக்கு ஏறியது. ஆனால், கம்பெனியே மறுபடி மறுபடி செய்து விற்கிற பெட்டிக்கு அப்படி ஏறும் என்று எப்படிச் சொல்ல முடியும்? போதாததற்குக் கடற்கரை ஊர். காற்றில் ஈரம். ஓடாமல் கிடந்தாலும் கருவிக்கு வயது ஆகும். குமிழுக்குள் தூசி புகுந்தால் திருகும்போது கரகர என்று சத்தம் வரும். உள்ளே இருக்கும் மின்தேக்கிகள் நாள் ஆக ஆக வற்றிப் போகும். பழைய கருவி தெரிந்த மெக்கானிக்கைத் தேடி அலைய வேண்டும்.

முதலில் நான்கு சின்னப் பெட்டிகளை விற்றார். அதற்கே அலமாரி காலி ஆகி விட்டது. "இதோடு நிறுத்திக் கொள்ளலாமே" என்று ஒரு ஆசை எழுந்தது. இப்படி ஆசை எழுவது எல்லாருக்கும் உண்டு. சின்னச் சாமானைக் கழித்து விட்டுப் பெரிய சாமானைக் காப்பாற்றி விடுவது! ஆனால், மேஜை இன்னும் காலி ஆகவில்லை. மகள் இன்னும் சாப்பாட்டு மேஜையில்தான் இருந்தாள்.

நோட்டை மறுபடி புரட்டினார். 4 நாள்.

ஆள் வந்தார்

விற்பது என்று முடிவு ஆன பிறகு அவர் ஒரு வாரம் செலவு செய்தார். தனக்குப் பிடித்த ஒலிகளை ஒவ்வொன்றாக வைத்து, 44 கட்டைகளையும் வரிசையாக அழுத்தி, ஒவ்வொரு சுரத்தையும் கம்ப்யூட்டரில் பதிவு செய்து கொண்டார். குமிழ்கள் எப்படித் திரும்பி இருந்தன என்று காகிதத்தில் படமும் போட்டுக் கொண்டார். இது நல்ல பழக்கம். விற்கிறவர்கள் யாரும் இதைச் செய்யலாம்.

பெட்டி வந்த அட்டைப் பெட்டியையும், ரசீதையும் அவர் பத்திரமாக வைத்து இருந்தார். இவை இருந்தால் விலை கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும்.

வாங்க வந்தவர் கோயம்புத்தூர் இளைஞர். விலையைக் கேட்கும் முன்பே உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்து விட்டார். சக்கரத்தை உருட்டினார். சுரம் வழுக்கியது. கலைஞர் வாசல் படியில் நின்று கேட்டுக் கொண்டு இருந்தார்.

"அண்ணே, இதை ஏன் கொடுக்கறீங்க?" என்று அந்த இளைஞர் கேட்டார்.

"நீங்க மாசத்துக்கு எத்தனை நாள் வாசிப்பீங்க தம்பி?" என்று இவர் திருப்பிக் கேட்டார்.

"தினமும்."

பத்தாயிரம் குறைத்துக் கொடுத்தார். மனைவிக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

பணம் வந்த அன்று இரவு அவர் கம்ப்யூட்டரில் எதையோ தேடிக் கொண்டு இருந்தார். மனைவி எட்டிப் பார்த்தாள். திரையில் வேறு ஒரு சிந்தசைசரின் படம்! ஒன்றை விற்று விட்டு, அந்தப் பணத்தில் இன்னும் மூன்று வாங்குவது இசைக்காரர் வீடுகளில் சகஜம்.

"சும்மா பார்த்தேன்" என்றார்.

மறுநாள் காலையில் இருவரும் பாங்குக்குப் போனார்கள். பணத்தை மகள் பெயரில் போட்டு விட்டு வந்தார்கள்.

மேஜையில் பெட்டி இருந்த இடம் மட்டும் நீள் சதுரமாகத் தூசி படாமல் பளபளவென்று இருந்தது. மகள் ஈரத் துணியால் மேஜை முழுவதையும் துடைத்தாள். கணக்குப் புத்தகத்தை வைத்தாள். ஜாமெட்ரி பெட்டியை வைத்தாள்.

"அப்பா, நான் படிக்கும்போது நீங்க வாசிக்கலாம். ஹெட்போன் போட்டுக்குங்க" என்றாள்.